வட்டைக்குப் போகாத ஜீப்பு

என் ஆசை வாப்பா,

கடல் உங்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறதோ, அந்த இடத்துக்கு உங்கள் மகளின் ஸலாம் வந்து சேரட்டும். மீசான் கட்டை நட்டு அடக்கிய ஒரு கபுறு உங்களுக்கு இருந்திருந்தால், உங்கள் பேரன்மாரை அனுப்பி அங்கே நின்று சொல்லச் சொல்லியிருப்பேன். அது இல்லாததால் எழுதுகிறேன். ஊராரும் வாசிக்கட்டும். அவர்களுக்கும் இதில் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

முதலில் பெரிய செய்தி. சண்டை முடிந்துவிட்டது, வாப்பா. உங்கள் கடைசிக் காலம் முழுக்க எட்டிப் பார்க்கவே முடியாமல் கிடந்த நம் வட்டைக்கு இப்போது ஆட்கள் போய் வருகிறார்கள். அக்கரைப்பற்றுக்கு மேற்கே, மலை நீலமாகத் தெரிகிற பக்கத்தில், வயலுக்கு மேல் வயலாகப் பரந்து கிடந்த அந்த வட்டை இப்போது பற்றைக்காடு. ஆனாலும் போகலாம். போனவர்கள் திரும்பியும் வருகிறார்கள்.

இரண்டாவது செய்தி, உங்கள் மருமகன் ஜீப்பு வாங்கியிருக்கிறார். இந்த இரண்டு செய்தியும் ஒன்றுதான் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். வயலுக்குப் போகத்தானாம் ஜீப்பு. நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள், சிரிக்க இன்னும் நிறைய இருக்கிறது.

என் கலியாணத்துக்கு நீங்கள் இரண்டு சீதனம் தந்தீர்கள். கடற்கரை வீடு ஒன்று, அந்த வயல் ஒன்று. நம் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து பெண்வீட்டில் குடியேறினார். பிறகு சண்டை வந்து வயலைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது, உங்களையும் கொண்டுபோனது. வயல் உறுதிப் பத்திரத்தை நீங்கள் பூட்டி வைத்த அலுமாரியையும் கொண்டுபோனது. எனக்கு மிஞ்சியது மருமகன்.

சும்மா சொல்லவில்லை, நல்ல மனிதர்தான். கல்முனையில் கடை வைத்திருக்கிறார், பொய் சொல்லமாட்டார், பிள்ளைகளுக்குக் கை நீட்டமாட்டார். ஆனால் ஒரு பொருள் பளபளவென்று இருந்தால் அவருடைய புத்தி கழன்று கீழே விழுந்துவிடும். அது உங்களுக்குத் தெரியும். அவரைப் பார்த்து நீங்கள் கேட்கிற அந்தக் கேள்வியும் எனக்குத் தெரியும். "அல்லா தலையத் தந்தது தொப்பி வெக்க மட்டுமாடா?" வட்டை முழுக்க நீங்கள் எல்லாரிடமும் கேட்ட கேள்வி. வீட்டில் அதை நான் மனசுக்குள்ளே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டதில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு அந்த வாய் கூடாது என்று உம்மா பழக்கிவிட்டார்.

ஜீப்புக்கு வருகிறேன். கொழும்பில் யாரோ ஒரு பெரிய ஆள் பாவித்த ஜீப்பாம். சும்மா ஜீப்பு இல்லையாம், 'ஸ்பெஷல் எடிஷன்' ஆம். தரகர் அந்தச் சொல்லை ஓதி ஊதுவதுபோல ஊத, உங்கள் மருமகன் அப்படியே மயங்கிவிட்டார். பின்கதவில் அதைத் தங்க நிறத்தில் இங்கிலீஸ் எழுத்துகளாக ஒட்டியிருக்கிறார்கள். கிழமைக்கு ஒருதரம் குளிக்கிற மனிதர் அந்த எழுத்துகளை மட்டும் காலையும் மாலையும் துடைக்கிறார்.

என்ன ஸ்பெஷல் என்று நான் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் அந்த ஜீப்பைப் படிக்கத் தொடங்கினார். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்திருக்கமாட்டார். மரம்போல ஒரு பலகை முன்னால் பதித்திருக்கிறது, அது மரமில்லை என்று ஒரு நாள் கண்டுபிடித்தார். இருக்கையெல்லாம் தோல். நம் ஊர் வெயிலில் உட்கார்ந்தால் முதுகு ஒட்டிக்கொள்கிறது, எழும்பும்போது ஓலை கிழிகிற சத்தம் வருகிறது. சாவியைத் திருப்பினால் ஒரு பெண் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்கிறாள். உங்கள் மருமகன் அவளுக்கு "ஓம் ஓம்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுகிறார். என்னிடம் அவ்வளவு மரியாதையாக "ஓம்" சொன்னதில்லை.

பெரிய வேடிக்கை, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வட்டப்பெட்டி. அதற்குள் ஒரு முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஜீப்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தன் பக்கத்தைத்தான் காட்டும். அதைப் பார்த்து இவர் ஒரு முடிவுக்கு வந்தார். இது அரபு நாட்டு ஷேக்மாருக்கென்று செய்த ஜீப்பு, இந்த முள் தொழும் திசையான கிப்லாவைக் காட்டுகிற முள். இதுதான் ஸ்பெஷல்! பள்ளிவாசல் நிர்வாகத்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். அவர்களும் தலையை உள்ளே விட்டுப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார்கள். ஒருவருக்காவது திசைகாட்டி என்று தெரியாமலா இருக்கும்? ஜீப்பு வைத்திருக்கிறவனிடம் யார் அதைச் சொல்வது? வெறும் கடைக்காரராக இருந்த காலத்தில் இவருடைய ஸலாமுக்குப் பதில் சொல்லவே யோசித்தவர்கள் அவர்கள்.

அதன் விளைவாக ஒரு நாள் பின்னேரம் அஸருக்கு, காரைதீவுச் சந்திக்கு அப்பால், வீதியோரத்தில் பாய் விரித்து மேற்கே பார்க்க வேண்டிய உங்கள் மருமகன் வடக்கே பார்த்துத் தொழுதார். வட்டைக்குள் நின்று சூரியனைப் பார்த்தே கிப்லா பிடித்த வாப்பாவின் மருமகன். நான் பின்னால் ஜீப்புக்குள் இருந்தேன். வெயில் அவருடைய இடது கன்னத்தில் விழ வேண்டியதா, நெற்றியில் விழ வேண்டியதா என்றாவது ஒரு மனிதன் யோசிக்கமாட்டானா? அல்லாஹ் மன்னிப்பான். நான் மன்னிக்க நாளாகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் நானும் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபடி ஏறிய சோதனைச் சாவடி ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. அங்கே நின்ற சிப்பாய் கறுத்தக் கண்ணாடியையும் தங்க எழுத்தையும் கண்டுவிட்டு, உள்ளே யாரோ மந்திரி என்று நினைத்து சலூட் அடித்தான். உங்கள் மருமகன் ஒரு கிழமைக்கு நிலத்தில் கால் வைக்கவில்லை. உங்களைச் சட்டையைக் கழற்றவைத்து வெயிலில் நிறுத்திய இடம் அது. அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது, நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

இவருக்கு இந்த ஜீப்பு ஆசை எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும், வாப்பா. கடல் வந்து போன பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்தில் முகாமில் இருந்தோம். வெள்ளை ஜீப்புகள் வரிசையாக வரும். கண்ணாடி மூடியபடியே வந்து, மூடியபடியே நிற்கும். ஒரு நாள் இவர் உங்களுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஜீப்புக்குப் பின்னால் ஓடினார். ஆஸ்பத்திரிகளில் தேடிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ஓடினார். அவர்கள் நிறுத்தவில்லை. புழுதியோடு திரும்பி வந்து, சாக்கில் உட்கார்ந்து, "ஒரு நாளைக்கு நானும் இப்பிடி ஒண்டுக்குள்ள இரிப்பன்" என்றார். உங்களைத் தேடி ஓடியவர் என்பதால் அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே ஏறி உட்கார்வதா அதற்குப் பதில்? என்ன மனிதர்கள்!

சரி, இனி வயல் கதை. அதற்குத்தான் இந்தக் கடிதமே.

வட்டையில் காணி உள்ளவர்கள் எல்லாரும் குறித்த நாளில் தங்கள் தங்கள் வயலில் வந்து நிற்க வேண்டும் என்று வட்டவிதானை ஆள் அனுப்பியிருந்தார். நீங்கள் அறிந்த வட்டவிதானை மௌத்தாகிவிட்டார். வட்டைக்குப் பொறுப்பாக இப்போது இருப்பது அவருடைய மருமகன். அரசாங்கக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் வருவாராம். உறுதி இருப்பவர்கள் உறுதியைக் காட்டலாம். இல்லாதவர்களுக்குப் பக்கத்து வயல்காரர் நேரில் சாட்சி சொல்ல வேண்டும். ஆளே வராத காணியெல்லாம் காட்டோடு காடாக எல்லைக்கல்லுப் போட்டு அரசாங்கத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். பிறகு போய்க் கத்தினாலும் ஒன்றும் நடக்காது.

நான் விடியலிலேயே போவோம் என்றேன். டிராக்டர் பெட்டியில் ஆட்கள் போகிறார்கள், அவர்களோடு ஏறிக்கொள்வோம் என்றேன். உங்கள் மருமகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"வாசல்ல ஜீப்ப வெச்சிக்கிட்டு ஆராவது டிராக்டர் பெட்டியில போவானா புள்ள? இது நாலு சில்லும் இழுக்கிற ஜீப்பு. தரகர் சொன்னவர்."

"நாலு சில்லும் இழுக்கிறதுக்கு ஒரு தடி இரிக்கும் எண்டு சொல்லுவாங்களே, அது எங்க?"

"இது ஸ்பெஷல். தானா மாறும்."

புறப்பட முன் எழுத்துகளைத் துடைத்தார். அதில் நேரம் போனது. அக்கரைப்பற்றுச் சந்தையில் தெரிந்தவர்கள் நின்றார்கள், கண்ணாடியை இறக்கி ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொன்னார். அதிலும் நேரம் போனது. தார் வீதி முடிந்து கிரவல் வந்தது. கிரவல் முடிந்து வண்டிப்பாதை வந்தது. முன்தினம் மழை பெய்திருந்தது. நம் வட்டைக்குள் இறங்க முன்னால் ஒரு வாய்க்கால் குறுக்கே வருமே, நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடக்கிற இடம், அங்கே போய்ச் சேர்ந்தோம்.

டிராக்டர்கள் போன தடம் இருந்தது. நடுவில் சேறு. நான் இறங்கி நடப்போம் என்று சொல்லி முடிக்கவில்லை, ஜீப்பை இறக்கிவிட்டார். முன்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது, வாகனம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று காட்டுகிற பெட்டி. நாங்கள் சரியச் சரிய, அவர் அதைப் பார்த்துச் சந்தோசமாக வாசித்துக்கொண்டிருந்தார். "பார் புள்ள, பதினஞ்சு காட்டுது. இப்ப இருவது." அவ்வளவுதான். ஜீப்பு வாய்க்காலுக்குள் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது.

நான் கதவைத் தள்ளி இறங்கிப் பார்த்தேன். பின்சில்லு இரண்டும் சுழன்று சேற்றை வாரி வீசுகின்றன. முன்சில்லு இரண்டும் மாப்பிள்ளைமாதிரி சும்மா நிற்கின்றன. இஞ்சினைக் கூட்டக் கூட்டப் பின்சில்லு தோண்டுகிறது, முன்சில்லு அசையவில்லை. அப்போதுதான் விளங்கியது. ஸ்பெஷல் எடிஷன் என்றால் தோலும் மரம்மாதிரிப் பலகையும் தங்க எழுத்தும். சேற்றில் இழுக்க வேண்டியது எதுவோ, அதை மட்டும் வைக்காமல் விட்ட ஜீப்பு. கொழும்பில் கலியாண வீடுகளுக்குப் போய்வரச் செய்ததை வாங்கிக்கொண்டு நாங்கள் காட்டுக்கு வந்திருக்கிறோம்.

"விட்டுட்டு வாங்க. நடப்போம். ஆக்கள் அங்க சேந்திருப்பாங்க," என்றேன்.

"ஜீப்ப விட்டுட்டா? யானை வந்தா? குரங்கு வந்து கீறினா? நீ முன்னால போ. நான் ஆளப் பிடிச்சி இழுத்துக்கிட்டு மறுகா வாறன்."

நான் அவரைப் பார்த்தேன். என் சீதன வயல் பறிபோகப் போகிறது, இந்த மனிதர் குரங்குக்குக் காவல் இருக்கிறார். அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்தேன். அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்தேன். முள் குத்தியது, புல் கிழித்தது. வரம்பெல்லாம் கரைந்து, எது யாருடைய வயல் என்று தெரியாமல் கிடந்தது. பழைய வாடிக் குடிசை நின்ற மேட்டில் ஆட்கள் கூடிநிற்பது தெரிந்தது. அதைப் பார்த்து நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நம் வயலில்தான் நின்றார்கள். "ஆள் வரல்ல, அடுத்ததப் பாப்பம்" என்று வட்டவிதானை சொல்வது காதில் விழுந்தது. "வந்திட்டன்!" என்று தூரத்திலிருந்தே கத்தினேன். மூச்சு வாங்கியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், முழங்கால் வரை சேறு, கையில் செருப்பு. உத்தியோகத்தர் சின்ன வயதுக்காரர். பெரிய வெயில் தொப்பி போட்டிருந்தார், ஓரம் கண்ணை மறைத்தது.

"ஆம்பிளையள் ஒருத்தரும் வரல்லியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"வயல் என்ட. நான் வந்திரிக்கன்," என்றேன்.

"உறுதி?"

"கடல் கொண்டு போயிட்டு."

பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டார்கள். தம்பிலுவில் ஊர் நல்லதம்பியார், வாப்பா! உங்கள் வரம்புக்கு அங்கால் வயல் செய்தவர், உங்களைப் போடியார் என்றே கூப்பிடுபவர். உயிரோடு இருக்கிறார். முதுகு கூனிவிட்டது. சண்டைக் காலத்தில் அவராலும் வரமுடியவில்லையாம், அவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மூடிய முகமில்லை, முகம் திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவருக்குப் பிடிபடவில்லை.

"போடியாருக்கு ஒரு மகள் இரிந்தது தெரியும் ஐயா. சின்னனில கண்டது. இவதானோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுற? பொய்ச் சாட்சி சொல்ல ஏலாது."

நேர்மையான பதில்தான். அதில் எனக்கு அவர்மேல் கோபமில்லை. எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். உத்தியோகத்தர் சிரித்தார். சுற்றி நிற்பவர்களையும் சிரிக்கவைக்க நினைத்தார் போலிருக்கிறது.

"உறுதியக் கடல் கொண்டு போனா, கடல்கிட்டத்தான் பிரதி கேக்கணும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நம் ஊரவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரை எழுதாமல் விடுவது என் பெருந்தன்மை.

உங்களைக் கொண்டுபோன கடலை அந்தப் பொடியன் பகிடிக்கு எடுத்தான், வாப்பா. எனக்குள்ளே ஏதோ அறுந்துபோனது. உம்மா பழக்கியதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்த மேட்டில், அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால், தொண்டை கிழியக் கேட்டேன்.

"டேய்! அல்லா தலையத் தந்தது தொப்பி வெக்க மட்டுமாடா?"

உத்தியோகத்தரின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. அப்போது ஒரு சிரிப்பு வெடித்தது. நல்லதம்பியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

"எழுதுங்க ஐயா, எழுதுங்க! இது போடியார்ட மகளேதான். இந்த ஏச்சக் கேக்காத ஆள் இந்த வட்டையில இல்ல. எனக்கெண்டா தலைப்பா கட்ட மட்டுமாடா எண்டு கேப்பார். தண்ணிய மாறித் திருப்பினா ஏச்சு, மாடு கயிறு அறுத்தா ஏச்சு. அதே கையாட்டம், அதே கண் முழி. இந்தப் பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன உறுதி வேணும்?"

பின்னால் நின்ற பழைய ஆட்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். "ஓம், எனக்கும் ஏசினவர்." "என்ட வாப்பாவுக்கும் ஏசினவர்." நீங்கள் ஏசி வைத்த வட்டை முழுக்க உங்களுக்குச் சாட்சி சொல்ல நின்றது. உத்தியோகத்தர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். என் பெயரைத்தான் எழுதினார், நான் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்தினேன்.

வயல் நம்மிடம் இருக்கிறது, வாப்பா.

திரும்பி வாய்க்காலுக்கு வந்தேன். நல்லதம்பியாரின் மகன் டிராக்டரால் ஜீப்பை இழுத்து மேலே போட்டிருந்தான். உங்கள் மருமகன் எங்கே என்று பார்த்தால், வாய்க்காலுக்குள் முழங்காலில் நின்று இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிறார்.

"என்ன தேடுறீங்க?"

"தங்க எழுத்தில ஒண்டு கழண்டு விழுந்திட்டு புள்ள. ரெண்டாவது எழுத்து." இன்னும் கொஞ்சம் துழாவிவிட்டுத்தான் நிமிர்ந்து கேட்டார், "காணி என்னாச்சி?"

இந்த முறை நான் விழுங்கவில்லை. ஒருதரம் திறந்த வாய் அது. அவருடைய தொப்பியிலும் சேறு அப்பியிருந்தது. "அல்லா தலையத் தந்தது தொப்பி வெக்க மட்டுமா?" என்று கேட்டேன். மனைவி புருஷனிடம் கேட்கக்கூடிய கேள்வியில்லை, தெரியும். கேட்டுவிட்டேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சேற்றுக் கையோடு அப்படியே நின்றார். முகம் ஒரு மாதிரிக் கோணியது.

"மாமா ஏசுறாப்போல இரிக்கி," என்றார். "கடல் வந்த நாளையில இருந்து எனக்கு ஒருத்தரும் ஏசல்ல." பிறகு மெதுவாக, "இன்னொருக்காச் சொல்லு புள்ள."

நான் சொன்னேன். அவர் அழுதார். நானும் அழுதேன். டிராக்டரில் இருந்த பொடியன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

எழுத்து கிடைக்கவில்லை. ஸ்பெஷல் என்பதில் ஓட்டை விழுந்தபடி ஜீப்பு வாசலில் நிற்கிறது. வாங்க வருகிறவர்களிடம் முன்சில்லு இழுக்காது என்று நானே சொல்லிவிடுகிறேன், அதனால் ஒருவரும் வாங்குவதில்லை. கோழிகள் அதற்குக் கீழே நிழலுக்குப் படுக்கின்றன. கிப்லா முள் இன்னும் வடக்கைத்தான் காட்டுகிறது.

வாப்பா, இந்த மாரிக்கு உங்கள் வயலில் விதைப்பு விழும். நாங்கள் இரண்டு பேரும் டிராக்டர் பெட்டியில் ஏறி, வாய்க்காலை நடந்தே கடந்து போவோம். முதல் அறுவடையில் உங்கள் பேரில் நல்லதம்பியார் வீட்டுக்கும் ஒரு மூட்டை போகும். உங்கள் மருமகனுக்கு இத்தனை வருஷமாகக் கிடைக்காமல் போன ஏச்சையெல்லாம் சேர்த்து, ஒரு நாளும் தவறாமல், உங்கள் குரலிலேயே நான் கொடுத்துக்கொண்டிருப்பேன். அது என் வாக்கு.

உங்கள் வயலுக்கும் உங்கள் வாய்க்கும் வாரிசான,
உங்கள் மகள்.